மொரிஸ் மைனரின் றேடியோ: இரண்டு குமிழ்களையும் ஐந்து பொத்தான்களையும் படித்த அனுபவம்

2022 ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. எங்கள் வீட்டு 1965 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் வெள்ளவத்தையில் எங்கள் முற்றத்தில் வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. அது அப்பாவின் கார். ஓட்ட முடியாத காரில் செய்யக்கூடிய வேலை என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தபோதுதான், டாஷ்போர்டின் கீழ்த்தட்டில் இருபது வருடங்களுக்கு மேலாக ஊமையாய்க் கிடந்த றேடியோ என் கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் தயாரான ட்ரான்சிஸ்டர் றேடியோ அது. மத்திய அலையும் (மீடியம் வேவ்) நெட்டலையும் (லோங் வேவ்) மட்டும்தான் எடுக்கும். இடப்பக்கம் ஒரு குமிழ், வலப்பக்கம் ஒரு குமிழ், நடுவில் கண்ணாடி மூடிய டயல், அதன் கீழே வெண்தந்த நிறத்தில் ஐந்து பொத்தான்கள். இவ்வளவுதானே, இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அந்த முகப்பை முழுமையாக விளங்கிக்கொள்ள எனக்கு ஏறத்தாழ எட்டு மாதங்கள் எடுத்தன. இத்தகைய றேடியோவை வைத்திருப்பவர்கள் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவதைப் பார்க்கும்போது மனம் வருந்துவதால், நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அந்தத் தவறு முகப்பில் தெரியாத ஒரு கட்டுப்பாட்டைப் பற்றியது. அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை பொசிட்டிவ் எர்த் முறையில் அமைந்தவை. அதாவது பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எங்கள் காரும் அப்படித்தான் வந்தது. ஆனால் பல வருடங்களுக்கு முன் ஒரு கராஜில், ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் டைனமோவைக் கழற்றி அதற்குப் பதிலாகப் புதுவகை ஆல்டர்னேற்றர் பொருத்தியபோது, அதற்கேற்ப பற்றரித் தொடுப்பை மாற்றி, காரை நெகட்டிவ் எர்த் ஆக்கியிருக்கிறார்கள். செய்த வேலை சரியானதுதான். ஆனால் றேடியோவின் வயர் அப்போது வெட்டிவிடப்பட்டிருந்தது. அதை மீண்டும் தொடுக்குமுன் என்ன மாற்ற வேண்டும் என்று எங்கும் எவரும் எழுதிவைக்கவில்லை. நான் வயரைத் தொடுத்துச் சுவிட்சைத் திருப்பியதும் பியூஸ் போனது. பழைய பியூஸ் பலவீனப்பட்டிருக்கும் என்று எண்ணி, கைக்கு அகப்பட்ட 15 அம்பியர் பியூஸைப் போட்டேன். அது போகவில்லை. அதற்குப் பதிலாக றேடியோவின் பின்பக்கத்திலிருந்து, எரிந்த மெழுகு போன்ற மணத்தோடு புகை வந்தது.

இவ்வகைச் சிறிய றேடியோவுக்கு 2 அம்பியர் பியூஸ் போதும். அது போய்விட்டால் காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, ஒருபோதும் பெரியதைப் போடக்கூடாது. ஜேர்மானியம் என்ற மூலகத்தால் ஆன அக்காலத்து ட்ரான்சிஸ்டர்கள் முனைமாற்றத்தையும் பொறுக்கமாட்டா, வெப்பத்தையும் பொறுக்கமாட்டா. என் அவசரத்தால் இறுதிநிலை ட்ரான்சிஸ்டரான ஏடி 149 எரிந்துபோனது. அது இப்போது எந்தக் கடையிலும் அடுக்கில் இருக்கும் பொருள் அல்ல. பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பின், பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடைகளை இரண்டு சனிக்கிழமைகள் ஏறியிறங்கி, செயலிழந்த வேறொரு கார் றேடியோவை வாங்கி, அதிலிருந்து ஒன்றைக் கழற்றியெடுத்தேன்.

என்னைச் சரியான வழிக்குக் கொண்டுவந்தவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு பெரியவர். வானொலித் தொழில்நுட்பத்தில் நீண்டகாலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றே அழைப்போம். புகை வந்த மறுநாள் றேடியோவைக் கழற்றி ஒரு பழைய துவாயில் சுற்றிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதைத் திறக்கவில்லை. பக்கவாட்டுத் தகட்டைத் திருப்பி, அங்கிருந்த இரண்டு முனைச் செருகி ஒன்றைக் காட்டினார்.

"தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு பார்த்தனீரோ?"

ஒரு பக்கத்தில் கூட்டல் குறி, மறுபக்கத்தில் கழித்தல் குறி. செருகியைப் பிடுங்கித் திருப்பிச் செருகினால் றேடியோ மற்றைய எர்த் முறைக்கு மாறிவிடும். அரை நிமிட வேலை.

"முன்னுக்கு இருக்கிற குமிழெல்லாம் ஆட்களுக்குத் தெரியிறதுக்கு. வேலை செய்யிறவன் முதல்ல பக்கத்தையும் பின்னையும் பார்க்கவேணும். ஒவ்வொண்டும் உள்ளுக்கு எதைப் பிடிச்சு அசைக்குது எண்டு தெரிஞ்ச பிறகுதான் திருப்பவேணும்."

அன்றிலிருந்து இதையே நானும் முறையாகக் கொண்டேன். பற்றரியின் எந்த முனையிலிருந்து தடித்த வயர் காரின் உடலுக்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பின்னர் மீற்றரை வைத்து உறுதிசெய்ய வேண்டும். வயரின் நிறத்தையோ, பொனற்றின் உள்ளே ஒட்டியிருக்கும் பழைய அறிவிப்பையோ நம்பக்கூடாது. எங்கள் காரில் பொசிட்டிவ் எர்த் என்ற அறிவிப்பு இன்னும் ஒட்டியபடியேதான் இருந்தது. எல்லா றேடியோக்களிலும் இந்த மாற்றுச் செருகி இருக்காது. சிலவற்றில் உள்ளே வயர்களை மாற்றிப் பற்றவைக்க வேண்டும். வேறு சில ஒரே முறைக்கென்றே செய்யப்பட்டவை. செருகி இல்லாவிட்டால், விடயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

இனி முகப்புக்கு வருகிறேன். இடப்பக்கக் குமிழ் சுவிட்சும் ஒலியளவும் ஆகும். திருப்பத் தொடங்கும்போது கேட்கும் "டிக்" என்ற சத்தம் சுவிட்சுடையது. அதற்குப் பிறகு ஒலி கூடிக்கொண்டு போகும். எங்கள் றேடியோவில் இதைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று மணல் அரைபடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. உள்ளே கரிப்பூச்சுப் பூசிய வளைவான பாதை ஒன்றின் மீது ஓர் உலோக நாக்கு வழுக்கிச் செல்கிறது. பல வருடங்கள் அசையாமல் இருந்தால் அந்தப் பாதையில் அழுக்குப் படிந்துவிடும். மின்தொடுப்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தில் மிகச் சிறிதளவை உள்ளே விட்டு, மின்சாரம் இல்லாத நிலையில் குமிழை முப்பது தடவை அங்குமிங்கும் திருப்பியதும் சத்தம் பெருமளவு அடங்கியது.

இதே குமிழின் பின்னால் அதே அச்சில் மெல்லிய வளையம் ஒன்று இருக்கிறது. நான் அதை அலங்காரம் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தேன். றேடியோ உயிர்பெற்ற பிறகு குரல்கள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டன. ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு மக்கிப்போயிருக்கும் என்று முடிவுகட்டி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் புதிய ஸ்பீக்கர் வாங்கவும் தயாராகிவிட்டேன். அங்கிள் வந்து பார்த்து, அந்த வளையத்தை விரல்நுனியால் கால் சுற்றுத் திருப்பினார், குரல் தெளிந்தது. அது தொனிக்கட்டுப்பாடு. அது கீச்சொலிகளை வெட்டுமே தவிர எதையும் கூட்டாது. இரவில் மத்திய அலையைக் கேட்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருப்பதால், இருட்டியபின் அயல் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது மெல்லிய சீழ்க்கையொலி எழும். வளையத்தைச் சற்றுத் திருப்பினால் அது அடங்கிவிடும். பகலில் வளையத்தை முழுவதும் திறந்தும் இரவில் பாதி மூடியும் வைப்பது என் வழக்கம்.

ஸ்பீக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய றேடியோக்களை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கிப் பார்ப்பது இறுதிநிலை ட்ரான்சிஸ்டருக்கு ஆபத்து. புதிய ஸ்பீக்கர் போடுவதானால், றேடியோவின் தகட்டில் குறித்திருக்கும் ஓம் அளவுக்குக் குறையாததையே போட வேண்டும்.

வலப்பக்கக் குமிழ் நிலையம் தேடுவதற்கு. வீட்டு றேடியோக்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியத் தகடுகள் கொண்ட மாறும் கொண்டென்சர் நினைவிருக்கும். கார் றேடியோவில் அது பெரும்பாலும் இருக்காது. கார் குலுங்கும்போது தகடுகள் அதிர்ந்தால் நிலையம் விலகிவிடும். ஆகவே, அசையாத கம்பிச்சுருள்களுக்குள் பென்சில் துண்டு போன்ற இரும்புத்தூள் தண்டுகள் ஒன்றாக உள்ளே போய் வெளியே வரும்படி அமைத்திருக்கிறார்கள். தண்டுகள் உள்ளே போகப் போக அதிர்வெண் குறையும்; வெளியே வர வரக் கூடும். மேல்மூடியைக் கழற்றிவிட்டு, குமிழைத் திருப்பிக்கொண்டே அந்தத் தண்டுகள் ஒரே நேரத்தில் நகர்வதையும் டயலின் முள் அவற்றோடு சேர்ந்து போவதையும் பார்த்தபோது, அதைச் செய்தவர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டானது.

இங்கேதான் என் இரண்டாவது தவறு. குமிழ் சில இடங்களில் இறுகியிருந்ததால், பூட்டுகளுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடித்தேன். இறுக்கம் போனது; கூடவே பிடிமானமும் போனது. குமிழுக்கும் தண்டுகளை நகர்த்தும் பொறிக்கும் இடையே உராய்வினால் பிடிக்கும் ஒரு சிறிய கிளச் இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அது விலகி, பொத்தான் முள்ளை இழுத்துச் செல்ல வழிவிடும். பொத்தானை விட்டதும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதன் முகத்தில் எண்ணெய் பட்டால் குமிழ் சும்மா சுற்றும், முள் அசையாது. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் அந்த எண்ணெயை எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. காய்ந்து பிசின்போலாகிய பழைய கிறீஸைத்தான் எடுக்க வேண்டும். வழுக்கும் தண்டவாளங்களுக்கு மட்டும் ஒரு துளி புதிய கிறீஸ் தொட்டுவைக்க வேண்டும். கிளச்சின் பக்கமே எண்ணெய் போகக்கூடாது.

டயலில் இருக்கும் எண்களைப் பார்த்து நான் குழம்பியது உண்மை. 200, 250, 300, 400, 500 என்று இருந்தன. அவை கிலோஹேர்ட்ஸ் அல்ல, அலைநீளம், மீற்றரில். கணக்கு எளியது: 300,000 ஐ கிலோஹேர்ட்ஸால் வகுத்தால் மீற்றர் வரும், மீற்றரால் வகுத்தால் கிலோஹேர்ட்ஸ் வரும். எடுத்துக்காட்டாக, அகில இந்திய வானொலியின் தூத்துக்குடி நிலையத்துக்குரிய 1053 கிலோஹேர்ட்ஸ், டயலில் ஏறத்தாழ 285 மீற்றரில் இருக்கும். அதாவது 250 க்கும் 300 க்கும் நடுவில், 300 இன் பக்கமாக. அமெரிக்கக் கார்களின் றேடியோவில் வேறு வழக்கம்: 55, 60, 80, 100, 160 என்று போட்டிருப்பார்கள், அவற்றைப் பத்தால் பெருக்கினால் கிலோஹேர்ட்ஸ். ஐம்பதுகளின் அமெரிக்க டயல்களில் 640 க்கும் 1240 க்கும் நேரே சிறிய முக்கோணக் குறிகள் இருப்பதுண்டு. அவை போர்க்கால அறிவிப்புக்கென அந்நாட்டு அரசு ஒதுக்கிய இரண்டு இடங்கள். 1963 உடன் அந்த ஏற்பாடு முடிந்தது. அக்குறி உள்ள றேடியோ எந்தக் காலத்தது என்பதைக் கணிக்க அது உதவும்.

எங்கள் டயல் கண்ணாடியில் தயாரிப்பாளர் போடாத இரண்டு குறிகளும் இருந்தன. செந்நிற நகப்பூச்சால் இட்ட இரண்டு சிறு புள்ளிகள். அப்பா இட்டவை. அவர் இந்தக் காரை வாங்கியபோது இலங்கை வானொலி அரசாங்கத் திணைக்களமாகவே இருந்தது. 1967 ஜனவரியில்தான் அது கூட்டுத்தாபனமானது. ஒரு புள்ளி தேசிய சேவை, மற்றையது வர்த்தக சேவை என்று அம்மா சொன்னார். நகப்பூச்சும் தன்னுடையதுதான் என்றார். நான் கேட்ட நாட்களில் அந்த இரண்டு இடங்களிலும் இரைச்சல் மட்டுமே இருந்தது.

ஐந்து பொத்தான்களில் நான்கில் எம் என்ற எழுத்து, ஒன்றில் எல். எம் மத்திய அலை, எல் நெட்டலை. எல் பொத்தான் பிரித்தானியாவில் மிகவும் பயன்பட்டது. 1500 மீற்றரில் பிபிசியின் லைட் புரோகிராம் நாடு முழுவதும் கேட்டது. எங்கள் பக்கத்து ஆசியாவில் நெட்டலையில் ஒலிபரப்பே கிடையாது. ஆகவே கொழும்பில் அந்தப் பொத்தானை அழுத்தினால் இரைச்சலைத் தவிர எதுவும் வராது. அதே நேரத்தில் றேடியோ முழுவதும் நெட்டலைக்கு மாறிவிடுவதால், அதன்பின் வலப்பக்கக் குமிழை எவ்வளவு திருப்பினாலும் எந்த நிலையமும் வராது. ட்ரான்சிஸ்டரை மாற்றிய நாளில் நான் ஒரு மணி நேரம் முழுவதும் றேடியோ இன்னும் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். துடைக்கும்போது எல் பொத்தான் அழுந்தியிருந்தது. பழைய றேடியோ ஒன்று "செத்துவிட்டது" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது எந்தப் பொத்தான் உள்ளே இருக்கிறது என்பதையே.

நிலையத்தைப் பொத்தானில் பதிக்கும் முறை மின்சாரம் சம்பந்தப்படாதது, முழுவதும் பொறிமுறையானது. பொத்தானை உங்களை நோக்கி நன்றாக வெளியே இழுத்தால், அதன் பின்னாலுள்ள சிறிய இதய வடிவத் தகட்டின் பிடி தளரும். குமிழைத் திருப்பி வேண்டிய நிலையத்தை மிகத் தெளிவாக வைத்துக்கொண்டு, பொத்தானை நேராக, உறுதியாக, இறுதிவரை அழுத்த வேண்டும். அப்போது அந்தத் தகடு தண்டுகளின் நிலைக்கு ஏற்பச் சுழன்று அப்படியே இறுகிக்கொள்ளும். அரைகுறையாக அழுத்தினால் இறுகாது. நாலு நாளில் முள் விலகும். மத்திய அலைக்குரிய பொத்தானில் மத்திய அலையைத்தான் பதிக்கலாம். இழுப்பதற்கு முன்னர் மறக்காமல் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, முள் எங்கே போய் நிற்கிறது என்று எழுதிவையுங்கள். முன்பு வைத்திருந்தவர் எதைக் கேட்டார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி இல்லை. எங்கள் றேடியோவின் முதலிரண்டு பொத்தான்களும் முள்ளைச் சரியாக அந்த இரண்டு செம்புள்ளிகளிலும் கொண்டுபோய் நிறுத்தின. அவற்றை நான் இழுக்கவில்லை. எனக்கு மூன்றாவதும் நான்காவதும் போதும்.

இப்போது எல்லாவற்றிலும் பலரும் அறியாத கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். ஏரியல் செருகும் துளையின் அருகே, திருகாணித் தலை போன்ற ஒன்று சிறிய துளைக்குள் தெரியும். அது ட்ரிம்மர். ஏரியலும் அதன் வயரும் சேர்ந்து றேடியோவின் முதற்சுருளோடு ஒரே சுற்றாக வேலை செய்கின்றன. காருக்குக் கார் ஏரியல் மாறுவதால், அந்தக் காருக்கென இந்தத் திருகைச் சரிசெய்தே ஆக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நல்ல றேடியோவும் அரைச் செவிடாகவே இருக்கும். ஏரியலை முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டு, டயலின் உயர் அதிர்வெண் முனையில், ஏறத்தாழ 1400 கிலோஹேர்ட்ஸ் அல்லது 214 மீற்றர் அருகே, வேண்டுமென்றே பலவீனமான நிலையம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பலமான நிலையத்தில் செய்தால் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஒலியைக் கூட்டி வைத்து, சிறிய ஸ்குரூ டிரைவரால் மிக மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் ஒலி கூடி, அதைத் தாண்டியதும் குறையும். அந்தக் கூடிய இடமே சரியான இடம்.

எனக்கு அந்த உச்சம் வரவே இல்லை. திருகு முனைவரை போய்விட்டது. ஒலி இன்னும் கூட முயல்வதுபோல இருந்தது. காரணம், பழைய ஏரியல் வயர் உக்கிப்போனதால் நான் மலிவாகக் கிடைத்த தொலைக்காட்சி ஏரியல் கேபிளைப் போட்டிருந்தேன். கார் ஏரியலின் கேபிள் பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும் மின்கொள்ளளவு குறைந்ததாகவே செய்யப்படுகிறது. தொலைக்காட்சிக் கேபிளின் கூடிய கொள்ளளவு ட்ரிம்மரின் எல்லையைக் கடந்துவிட்டது. சரியான கேபிள் போட்டபின் திருகின் நடுப்பகுதியிலேயே உச்சம் கிடைத்தது.

கடற்கரையோரம் வாழ்பவர்கள் ஏரியலின் அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கங்களில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. மட்கார்டின் அடியில் ஏரியலின் உலோகப் பிடி வெறும் இரும்பைத் தொட வேண்டும். எங்கள் காரில் அந்த இடம் துருப்பிடித்துத் தொடுப்பு அற்றிருந்தது. சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசியபின், எஞ்சினிலிருந்து வந்த சத்தத்தில் பாதி அன்றே போய்விட்டது.

மீதிப் பாதிக்கு வேறு மருந்து. எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் "படபட" என்ற வெடிப்பொலி தீப்பொறிச் சுற்றிலிருந்து வருவது. எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளை டைனமோ அல்லது ஆல்டர்னேற்றரிலிருந்து வருவது. முதலாவதற்கு, இக்னிஷன் கொயிலில் சுவிட்சிலிருந்து மின்சாரம் வரும் முனையில் 1 மைக்ரோபரட் கொண்டென்சர் ஒன்றைப் போட வேண்டும். மற்றைய முனையில், அதாவது கொன்ராக்ட் பொயிண்ட் பக்கத்தில், போட்டால் கார் ஒழுங்காக ஓடாது. டைனமோ உள்ள கார்களில் இரண்டாவதற்கும் அதேபோன்ற கொண்டென்சர்தான். ஆனால் வெளியீட்டு முனையான தடித்த வயரில் மட்டும் போட வேண்டும், எஃப் என்று குறித்த சிறிய முனையைத் தொடக்கூடாது.

இனி மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். எரிந்த றேடியோ திருத்தப்பட்டு வருவதற்குள் அந்த நீண்ட மின்வெட்டுகள் முடிந்துவிட்டன. ஆனாலும் ஆண்டு இறுதிவரை மின்வெட்டு தொடர்ந்தது. ஒக்டோபரில் ஓர் மாலை, முற்றத்தில் நின்ற காரில் இருந்து டயலைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எங்கும் ஒரே கொரகொரப்பு. தூத்துக்குடி அதற்குள் அமிழ்ந்து கிடந்தது. அப்போது ஒழுங்கை முழுவதும் விளக்கு அணைந்தது. அதே கணத்தில் கொரகொரப்பும் அணைந்தது. அமைதியான பின்னணியில், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல ஒரு தமிழ்க் குரல். நான் றேடியோவின் குறை என்று அதுவரை நினைத்திருந்த இரைச்சல், உண்மையில் எங்கள் ஒழுங்கையின் எல்ஈடி விளக்குகளும் தொலைபேசிச் சார்ஜர்களும் எழுப்பிய இரைச்சல். அவற்றுக்குள் இருக்கும் மலிவான மின்மாற்றுச் சுற்றுகள் மத்திய அலை முழுவதையும் அழுக்காக்குகின்றன. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து முன் இருக்கையில் இருந்தார். மின்சாரம் திரும்பும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு சோதனைகளை வீட்டு முற்றத்தில் செய்வதை விட்டுவிட்டேன். மரைன் டிரைவில் கடலைப் பார்த்து நிறுத்தினால் வீடுகளின் இரைச்சல் குறைகிறது. பக்கத்தில் ஓடும் ரயில் டீசலில் ஓடுவதால் அதனாலும் தொல்லை இல்லை. தூத்துக்குடி கொழும்பிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீற்றர். இடையில் பெரும்பாலும் மன்னார் வளைகுடாவின் உப்புநீர். மத்திய அலை உப்புநீரின் மேல் நிலத்தைவிட வெகு தூரம் வலுக்குன்றாமல் செல்லும் என்பதால் அங்கே நண்பகலிலும் கேட்கிறது. சூரியன் மறைந்தபின், வானில் மிக உயரத்தே உள்ள மின்னேற்றம் கொண்ட அயன மண்டலத்தில், பகலில் அலையை உறிஞ்சிக்கொண்டிருந்த கீழடுக்கு கலைந்துவிட, இந்தியாவின் தொலைதூர நிலையங்களும் மேலிருந்து திரும்பி வருகின்றன. றேடியோ நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்குமுன் ஒரு தடவை கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.

நான் பழைய றேடியோவைத் திருத்திய செய்தி பரவியதும், கொட்டாஞ்சேனையில் 1964 ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன்னுடைய ஜேர்மன் றேடியோவைக் கொண்டுவந்தார். அதன் பொத்தான்களில் யூ, கே, எம், எல் என்று நான்கு எழுத்துகள். அவை ஜேர்மன் மொழிச் சொற்களின் முதலெழுத்துகள்: யூ என்பது பண்பலை, கே சிற்றலை, எம் மத்திய அலை, எல் நெட்டலை. அவருடைய முறைப்பாடு, தான் விரும்பும் பண்பலை நிலையம் வரவில்லை என்பது. டயலைப் பார்த்தால் 104 மெகாஹேர்ட்ஸில் முடிந்திருந்தது. அக்கால ஐரோப்பியப் பண்பலை அவ்வளவுதான். இன்றைய பண்பலை 108 வரை நீள்கிறது. அவருடைய நிலையம் அந்த நீட்சியில் இருந்தது. அது பழுது அல்ல என்று விளக்கி, பொறியைக் கிண்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் கார் 6 வோல்ட் என்பதையும் நினைவூட்டினேன். சில றேடியோக்களில் 6, 12 என்று மாற்றும் திருகு பக்கவாட்டில் இருக்கும், அதைப் பாராமல் மேசையில் 12 வோல்ட் பற்றரியில் சோதிப்பது பேராபத்து.

வால்வு றேடியோக்களை நான் அதிகம் தொட்டதில்லை. போட்டதும் மெல்லிய ரீங்காரம் எழுந்து, அரை நிமிடம் கழித்து ஒலி வந்தால் அது வால்வு என்று அறியலாம். அந்த ரீங்காரம், பற்றரியின் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி உயர் மின்னழுத்தமாக மாற்ற உதவும் அதிர்வியினுடையது. முழுவதும் ட்ரான்சிஸ்டரால் ஆன கார் றேடியோ 1955 இல்தான் கிறைஸ்லர் கார்களில் வந்தது. அதற்கு முந்தியவை எல்லாம் வால்வுதான். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும் என்பதால், பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காதிருப்பது நல்லது.

கடந்த வருடம் காரை வேறொரு கராஜுக்கு பிரேக் வேலைக்காக விட வேண்டியிருந்தது. முதல்நாள் இரவு ஒரு தடித்த அட்டையை எடுத்து, அழியாத மையால் மூன்று வரிகள் எழுதினேன்: இந்தக் கார் நெகட்டிவ் எர்த், றேடியோவின் செருகி கழித்தல் பக்கம், பியூஸ் 2 அம்பியர் மட்டும். அதையே சிங்களத்திலும் எழுதித்தரும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன், கராஜின் பாஸ் வாசிப்பது அதைத்தான். ஆங்கிலத்தில் நானே எழுதினேன். அங்கிள் அதை வாங்கிப் பார்த்து, "திகதியையும் போடும் தம்பி, பிறகு வாறவனுக்கு எப்ப மாத்தினது எண்டு தெரியவேணும்" என்றார். திகதியையும் போட்டு, பிளாஸ்ரிக் உறையில் இட்டு, றேடியோவின் வயர் புறப்படும் இடத்திலேயே கட்டிவிட்டேன். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.